இரண்டு அடி

கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
விடிய யாரோ சுண்ணாம்புத் தகரத்தைச் சாய்த்துக்கொண்டு
நடந்து போட்ட கோடு.
ஓரிடத்தில் அவருக்குத் தும்மல் வந்திருக்க வேண்டும்,
கொஞ்சம் வளைந்து பிறகு நேராகிறது.
அந்த வளைவில்தான் என் செருப்பு.

போன மாசி, மானிப்பாயில்,
பந்து வயிற்றில் பட்டுக் குந்திய யதுஷாவிடம்
குடையும் கைப்பையுமாக ஓடிப்போனேன்.
எல்லோர் முன்னாலும் ஜேர்சியைத் தூக்கி
"எங்கை பிள்ளை நோகுது?" என்றேன்.
நாலு நாள் பேசவில்லை.
ஐந்தாம் நாள் புட்டுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள்:
"பாக்க வாறதெண்டா வாங்கோ.
கோட்டுக்குள்ளை காலை வைச்சா
நான் விளையாட்டை விடுறன்."

இன்று இளவாலை. மூன்றரை மணி வெயில்.
அந்தக் கரையில்
எதிரணி நெட்டைப் பிள்ளையும் அவளும்
ஒரே பந்துக்குப் போனார்கள்.
ஒருத்தி மட்டும் எழும்பினாள்.

விசில்.
அதற்குப் பிறகு காகம் கரைவதுகூடத் தனியாகக் கேட்டது.

றெஜினோல்ட் சேர் குனிந்தார், கையைத் தூக்கினார்.
முதலுதவிப் பொடியள் இரண்டு பேர்
ஐஸ் பெட்டியோடு நடந்தார்கள்.
நடந்தார்கள்!
பக்கத்தில் நின்ற பெண்,
அந்த நெட்டைப் பிள்ளையின் தாய் என்று பிறகுதான் அறிந்தேன்,
என் முழங்கையைத் தள்ளினார்:
"போங்கோவன். ஆர் கேக்கப்போகினம்?"

கேட்கப்போகிறவள் அங்கே புல்லில் கிடக்கிறாள்.

அப்போது அவள் கை எழுந்தது.
உள்ளங்கை எந்தப் பக்கம்?
என்னைப் பார்த்திருந்தால், நில்.
நிலத்தைப் பார்த்திருந்தால், வா.
எழுபது யார் தூரம், கண்ணுக்குள் வியர்வை.
போன வருசம் வரை
ஞாயிறுதோறும் அந்தக் கையில் நகம் வெட்டிவிட்டவள் நான்,
அதன் முன்னும் பின்னும் தெரியாமல் நிற்கிறேன்.

கால் போனது.
செருப்பு வரவில்லை, வளைவிலேயே கிடந்தது.
ஒரு அடி.
இரண்டு.
நெருஞ்சி குத்தியது.
நின்றேன்.

அவள் எழும்பினாள், நொண்டினாள்,
கைதட்டினார்கள்.
நான் முதுகுப் பக்கமாகவே நடந்து
வெளியே வந்தேன், யாரும் காணாததுபோல்.

பஸ்ஸில், முழங்காலில் கட்டிய ஐஸ் பை
என் மடியில் சொட்டிக்கொண்டு வந்தது.
பண்டத்தரிப்பு தாண்டிக் கேட்டாள்:
"எத்தினை அடி வந்தனீங்கள்?"
"ரண்டு."
"கண்டனான்."
கோபமா என்று முகத்தைப் பார்த்தேன்.
முகம் ஜன்னலுக்கு வெளியே இருந்தது.
"கையைக் காட்டினனீயெல்லே. வா எண்டோ, நில் எண்டோ?"
"தெரியாது. நோவிலை தூக்கினது."

பிறகு டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்,
குலுங்கும் பஸ்ஸில்,
மை விட்டு விட்டு வரும் பேனையால்.
மூக்கிலை ரத்தம்: வரக்கூடாது.
சுளுக்கு: வரக்கூடாது.
அழுதால்: கட்டாயம் வரக்கூடாது.
எலும்பு முறிஞ்சால்: சேர் கூப்பிட்டால் வரலாம், ஓடக்கூடாது.
"குடை?" என்றேன்.
"குடை ஒருநாளும் இல்லை."

சண்டிலிப்பாயில் ஆட்கள் ஏறி நெருக்க
அவள் தலை என் தோளுக்கு வந்தது.
டிக்கெட்டில் இன்னும் ஒரு வரிக்கு இடமிருந்தது.
"கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால்?"

பேனையை மூடினாள்.
"அதை ஏன் என்னட்டைக் கேக்கிறியள்?"

ஆனைக்கோட்டையில் இறங்கியபோது
இரண்டு பேருமே நொண்டினோம்.
"உங்களுக்கு என்ன?"
"ஒண்டுமில்லை. நெருஞ்சி."
"காட்டுங்கோ" என்று
நடு வீதியோரத்தில் குந்தினாள்,
மடங்காத அந்த முழங்காலோடு.